இரண்டாவது கோடு

"குழந்தையை எங்கிட்ட குடு."

மாமியார் வந்து நின்றபோது குழந்தை பாதிதான் குடித்திருந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல், கட்டில் வரைக்கும் நேராக நடந்து வந்திருந்தாள். கையில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது.

"இப்பத்தான் அத்தை குடிக்க ஆரம்பிச்சான். ரெண்டு நிமிஷம்."

"குடுன்னு சொல்றேன்ல."

மூன்று பிள்ளைகளை வளர்த்த கை அது. சுண்டுவிரலைக் குழந்தையின் உதட்டோரத்தில் மெல்ல நுழைத்து, பால் பிடியை வலிக்காமல் விடுவித்து, அலுங்காமல் தூக்கிக்கொண்டாள். குழந்தை ஒரு நொடி ஒன்றும் புரியாமல் வாயை மட்டும் சப்பிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு வீறிட்டு அழுதான்.

"உனக்கு அந்த நோயாம். லேப்புல சொல்லிட்டாங்க. இனிமே இவன் உங்கிட்ட ஒரு சொட்டுக் குடிக்கக் கூடாது."

எந்த நோய் என்று மாமியார் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இருக்கவில்லை. சில நோய்களுக்கு நம் வீடுகளில் பெயர் கிடையாது, 'அந்த' மட்டும்தான் உண்டு. திறந்த சட்டையை மூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள் மருமகள். குழந்தை அழ அழ மார்பில் பால் தானாகச் சுரந்து மடியில் வழிந்தது.

அவளை வேலை செய்கிற இடத்தில் ஊசிக்காரி என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம். ஆயத்த ஆடை கம்பெனியில் ஊசி தேடும் மிஷினுக்கு அவள்தான் பொறுப்பு. தைத்து முடித்த சட்டை ஒவ்வொன்றும் பெட்டிக்குள் போவதற்கு முன்னால் அந்த மிஷினின் பெல்ட்டில் ஏறி உள்ளே போய் வெளியே வர வேண்டும். உடைந்த ஊசியின் முனை எங்காவது துணிக்குள் மாட்டியிருந்தால் மிஷின் கத்தும். பெரும்பாலும் குழந்தைகள் போடுகிற சட்டை, முனை இருந்தால் குத்திவிடும். அதனால் ஊசிக்காரி கண்ணும் கருத்துமாக நிற்பாள். இப்போது பிரசவ விடுப்பில் இருந்தாள். குழந்தைக்கு அன்றோடு ஐம்பது நாள்.

அவளுக்கு ஏன் அந்தப் பரிசோதனை என்று கேட்டால், அதிலேயே பாதிக் கதை இருக்கிறது. மூத்தது பெண், பள்ளிக்கூடம் போகிறாள். இது பையன். இரண்டு போதும் என்று வீட்டில் பேசி முடித்தார்கள். யாருக்கு ஆபரேஷன் என்ற பேச்சே எழவில்லை. அவள் புருஷன் பம்பு மெக்கானிக், ஆழ்கிணற்றுக்குள் இரும்புச் சங்கிலியைப் பிடித்து இறங்குகிற ஆள். ஆனால் ஊசி என்றால் அவனுக்கு ஆகாதாம், உடம்பு தாங்காதாம். மாமியார் சொல்லிவிட்டாள். இரண்டு பிள்ளை பெற்ற உடம்பு மூன்றாவதாக ஒரு கத்தியையும் தாங்கும் என்று எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் பார்க்கச் சொன்னார் டாக்டர். தெருமுனை லேப்பில் கொடுத்துவிட்டு வந்தாள். முடிவை வாங்கப் போன மாமியாரிடம் லேப்காரன் காகிதத்தை நீட்டி, வாயாலும் சொல்லி அனுப்பியிருந்தான். யாருடைய ரத்தமோ அவளிடம்தான் சொல்ல வேண்டும் என்ற முறையெல்லாம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. மாமியார்தானே என்று நினைத்திருப்பான்.

"மாசமா இருக்கும்போது பெரிய ஆஸ்பத்திரியில பாத்தாங்களே அத்தை. ஒண்ணும் இல்லைன்னுதானே சொன்னாங்க?"

"அப்ப இல்லை. இப்ப இருக்கு. நடுவுல எங்க இருந்தே? உங்க அம்மா வீட்டுலதானே இருந்தே?"

ஏழாம் மாதத்தில் பிரசவத்துக்குப் போனவள் இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் திரும்பி வந்திருந்தாள். அதைச் சொல்லிக்காட்டுகிறாள் என்று புரிந்தபோது ஊசிக்காரிக்கு உடம்பெல்லாம் கூசியது. அவமானத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. நிஜமாகவே இருந்தால்? இத்தனை நாள் குடித்த பாலில் பிள்ளைக்குப் போயிருந்தால்? 

மாமியாரைக் கொடுமைக்காரி என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் அவள் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பால் பவுடர் டப்பா வாங்கிவந்து, அளவுக் கரண்டியை மூன்று தரம் சரிபார்த்து, வெந்நீரில் பாட்டிலைக் கொதிக்க வைத்து, பேரனை மடியில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டேதான் புகட்டினாள். அவளுக்கும் பயம்தான். அந்தப் பயத்துக்கு ஆள் தேடியபோது மருமகள் பக்கத்தில் இருந்தாள், அவ்வளவுதான்.

சாயங்காலத்துக்குள் ஊசிக்காரிக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு வாளி, ஒரு கொடிக்கயிறு என்று தனியாகப் பிரிந்துவிட்டன. கூடத்தில் திறந்த தெரு ஜன்னலோரம் நின்றுகொண்டு மாமியார் மகளுக்குப் போன் போட்டாள். மெதுவாகப் பேசி அவளுக்குப் பழக்கம் இல்லை. நாத்தனார் அவள் பங்குக்கு நாலு பேருக்குச் சொன்னாள். மறுநாள் காலையில் தெருவில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் ஊசிக்காரியின் குடத்துக்கு மட்டும் தாராளமாக இடம் விட்டு நின்றார்கள்.

புருஷன் வேலையிலிருந்து வந்து காகிதத்தைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. அவளைத் திட்டுவான் என்று மாமியார் எதிர்பார்த்தாள், அவளும் எதிர்பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் விடிந்ததும் யாரும் சொல்லாமலேயே லேப்புக்குப் போய்த் தன் ரத்தத்தைக் கொடுத்துப் பார்த்துவிட்டு வந்தான். ஊசிக்குப் பயந்தவன் தானாகப் போனது ஊசிக்காரிக்கு ஆச்சரியமாக இருந்தது. நமக்குத் துணையாக இருக்கிறாரே என்றுகூட ஒரு நிமிஷம் நெகிழ்ந்துபோனாள்.

ரத்தம் விட்டுப் பார்க்கிற பட்டையில் அவளுக்கு இரண்டு கோடு விழுந்ததாம், அவனுக்கு ஒரே கோடு. ஒன்றும் இல்லை. மாமியார் அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றி, டிவி பக்கத்தில் கண்ணாடி அலமாரிக்குள் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தாள்.

"என் புள்ளை சுத்தம். அப்போ இது எங்கேருந்து வந்துச்சுன்னு நானா சொல்லணும்?"

ஊசிக்காரிக்கு வேறு வேலை இருந்தது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தனக்கென்று ஒதுக்கிய டம்ளரில் பாலைப் பிழிந்து எடுத்தாள். எடுக்காவிட்டால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும், விட்டுவிட்டால் வற்றிப்போகும். வற்றிப்போனால் நாளைக்கு நோய் இல்லை என்று ஆனால்கூடப் பிள்ளைக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. முதல் நாள் அரை டம்ளர் வந்தது. அதைச் சாக்கடைத் துளையில் ஊற்றினாள். பக்கத்து அறையில் பிள்ளை பசிக்கு அழுவான், இவள் இங்கே பாலை ஊற்றிக்கொண்டிருப்பாள். பெற்றவளுக்கு இதைவிட ஒரு தண்டனை எழுதிவைக்க யாராலும் முடியாது.

நாலாம் நாள் அவள் லேப்புக்குப் போனாள். கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள். கம்பெனியில் ஐந்து வருஷமாக அவள் கேட்டும், அவளிடம் கேட்கப்பட்டும் பழகிய ஒரு கேள்வி நாலு நாளாக மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

"எத்தனை தடவை பாத்தீங்க?"

லேப்காரன் ஏறிட்டுப் பார்த்தான். முப்பது வயசிருக்கும். "எதை?"

"என் ரத்தத்தை. ரெண்டு கோடு வந்துச்சுன்னீங்களே. எத்தனை தடவை வந்துச்சு?"

"ஒரு தடவைதாம்மா பாப்போம். அதுக்கு மேல எதுக்கு?"

"நாங்க ஒரு சட்டைக்கு மிஷின் கத்துனா, திருப்பிப் போட்டு மறுபடி ஓட்டுவோம். அப்பவும் கத்துனா பக்கத்து மிஷின்ல போட்டுப் பாப்போம். பத்துல எட்டு தடவை ஜிப்பு, இல்லேன்னா பொத்தானா இருக்கும். ஒரு சத்தத்துக்கு ஊசின்னு எழுதிட்டா சூப்பர்வைசர் எங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார். சட்டைக்கே அப்படி."

லேப்காரன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "லேசாத்தாம்மா இருந்துச்சு ரெண்டாவது கோடு. அன்னைக்கு ஒரே கூட்டம். ரத்தத்தை விட்டு வச்சுட்டுச் சாப்பிடப் போயிட்டேன். வந்து பாத்தா கோடு இருக்கு."

"சாப்பிட எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு முக்கால் மணி நேரம் இருக்கும்."

மேசைமேல் அந்தப் பட்டைகள் வந்த அட்டைப்பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே இருந்த தாளை அவள் எடுத்துப் பிரித்தாள். பல மொழிகளில் பொடி எழுத்து, அதில் தமிழும் இருந்தது. பதினைந்து நிமிடத்தில் பார்க்கவும். இருபது நிமிடத்துக்குப் பிறகு தெரிவதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது.

"அதெல்லாம் கம்பெனிக்காரன் போடுறதும்மா," என்று லேப்காரன் பூசி மெழுகினான். "நான் கீழ எழுதித்தானே குடுத்திருக்கேன், சந்தேகம் இருக்கு, பெரிய ஆஸ்பத்திரியில உறுதி பண்ணிக்கோங்கன்னு."

எழுதியிருந்தான்தான். காகிதத்தின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி, ஆங்கிலத்தில். வாயால் சொன்னபோது மட்டும் அந்தச் சந்தேகம் அவனுக்கு நினைவு வரவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். மாமியார் ஒரே பிடியாக நின்றாள். "அங்க போய் வரிசையில நின்னா நாலு பேருக்குத் தெரிஞ்சுபோகும்." தெரியாத அந்த நாலு பேர் இன்னும் எங்கே மிச்சம் இருந்தார்கள் என்று கேட்க ஊசிக்காரிக்கு நாக்கு வரை வந்தது. புருஷனைப் பார்த்தாள். அவன், "அப்புறம் பாக்கலாம், வேலை இருக்கு," என்று சொல்லி வாசலுக்குப் போய்விட்டான். உண்மை தெரியட்டும் என்று துடிக்க வேண்டியவன் ஏன் இப்படி நழுவுகிறான் என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஏழாம் நாள் குழந்தைக்கு வயிறு உப்பிக்கொண்டது. தண்ணீராகப் போனது. எட்டாம் நாள் டம்ளரின் அடியில் நாலு ஸ்பூன் பால்தான் தேறியது. ஒன்பதாம் நாள் காலையில் புடவை மாற்றிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, குழந்தையை மடியில் வைத்திருந்த மாமியாருக்கு நேரே வந்து நின்றாள்.

"நான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறேன். உங்க பிள்ளை கூட்டிட்டுப் போனா வண்டியில போவேன். இல்லேன்னா நடந்து போவேன், தெருவுல எதிர்ப்படுற ஒவ்வொருத்தர்கிட்டயும் எங்க போறேன்னு சொல்லிக்கிட்டே போவேன்."

வண்டியில்தான் போனார்கள்.

ஆலோசனை அறையில் இருந்த அம்மாவுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தெருமுனை லேப்பின் காகிதத்தை ஒரு தரம் பார்த்து மேசை ஓரமாகத் தள்ளினாள். கையில் ரத்தம் எடுத்தார்கள். மூன்று வேறு வேறு கம்பெனிப் பட்டைகளில் விட்டார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், நடுவில் யாரும் சாப்பிடப் போகவில்லை. மூன்றிலும் ஒரே ஒரு கோடு.

"உனக்கு ஒண்ணும் இல்லைம்மா. ஒரு பட்டையில ரெண்டாவது கோடு விழுந்தா நோய்னு அர்த்தம் இல்லை, இன்னும் நல்லாப் பாக்கணும்னுதான் அர்த்தம். நேரம் தப்பிப் பாத்தாலும் விழும். சில சமயம் புள்ளை பெத்த உடம்புல சும்மாவே விழும். ஏழாம் மாசத்துலேருந்து நீயும் அவரும் சேரலைன்னு சொன்னே. அதுக்கு அப்புறம் இவ்வளவு நாள் ஆச்சு. அதனால உன் முடிவுல சந்தேகமே வேண்டாம்."

ஊசிக்காரி மேசைமேல் தலையைச் சாய்த்து அழுதாள். அந்த அம்மா அழவிட்டாள். அப்புறம் தண்ணீர் கொடுத்தாள்.

"பால் குடுக்கலாமா மேடம்?"

"வீட்டுக்குப் போன நிமிஷமே குடு. சப்பச் சப்பச் சுரக்கும், பயப்படாதே. இன்னொண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. நிஜமாவே இருந்திருந்தாலும் மருந்து இருக்கு, பால் விஷயத்துல என்ன பண்ணணும்னு டாக்டர் சொல்லியிருப்பார். தட்டையும் டம்ளரையும் பிரிச்சு வைக்கச் சொல்ற டாக்டர் எங்கேயும் கிடையாது." கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டாள். "உன் வீட்டுக்காரர் பாத்தாரா?"

"பாத்தாரு மேடம். ஒண்ணும் இல்லை. ஒரு கோடுதான்."

"எத்தனை பட்டையில?"

"ஒண்ணுலதான்."

"ரெண்டு கோடு விழுந்தாத்தான் இன்னொரு பட்டையில பாக்கணும். விழாட்டி ஒண்ணு போதும், ஆனா அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. இந்தப் பட்டை கிருமியைத் தேடுறதில்லை. கிருமி வந்தா அதை எதிர்க்க நம்ம ரத்தம் ஒண்ணைத் தயார் பண்ணும், அதைத்தான் தேடும். அது சேர்றதுக்கு மூணு மாசம் வரைக்கும்கூட ஆகலாம். அதுக்குள்ள பாத்தா, உள்ள இருந்தாலும் இல்லைன்னுதான் காட்டும். சரி, அவரை வரச் சொல்லு. நீ கொஞ்சம் வெளிய உக்காரு."

வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்தாள். புருஷன் உள்ளே போனான். ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்தாள். இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அறைக்குள்ளிருந்து ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்தவன் சட்டைப் பையில் ஒரு சீட்டைத் திணித்துக்கொண்டே வந்தான். அவசரத்தில் அது பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மறுபரிசோதனை என்று தலைப்பு. அடியில் இரண்டு தேதிகள், ஒன்று ஆறு வாரம் கழித்து, இன்னொன்று மூன்று மாதம் முடிந்து.

வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்ததும் கேட்டாள்.

"அது என்னங்க சீட்டு?"

"அது சும்மா. எல்லாருக்கும் குடுக்கிறதாம்."

"எனக்குக் குடுக்கலையே."

அவன் சாவியைத் துவாரத்தில் நுழைக்க இரண்டு தரம் முயன்றான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவள் அம்மா வீட்டில் இருந்த நாலு மாதமும் அவன் வெளியூர் வேலை, வெளியூர் வேலை என்று போனில் சொன்னது, காகிதத்தைப் பார்த்து வாயடைத்து நின்றது, விடிந்ததும் லேப்புக்கு ஓடியது, ஆஸ்பத்திரி என்றதும் நழுவியது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பொருந்தின. துணைக்கு நிற்கிறான் என்று நெகிழ்ந்துபோன தன்னை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ஒரே ஒரு தடவை," என்றான் வண்டியைப் பார்த்தபடி. "போன மாசம். கூட இருந்த பசங்க இழுத்துட்டுப் போனானுங்க."

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வீடு வரும்வரை அவன் தோளைப் பிடிக்கவில்லை, இருக்கைக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மருமகளுக்கு ஒன்றும் இல்லை என்று கேட்ட மாமியார் உட்கார்ந்த இடத்திலேயே விசும்பினாள். எழுந்து வந்து குழந்தையைத் தானே அவள் கையில் வைத்தாள். ஒன்பது நாள் பாட்டில் பழகிய வாய், முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஊசிக்காரி பொறுமையாக, மறுபடி மறுபடி வைத்தாள். நாலாம் தடவை பிடித்துக்கொண்டான். முதலில் ஒன்றும் வரவில்லை. அவன் எரிச்சலில் முனகி, கையால் அவளைக் குத்தி, விடாமல் இழுத்தான். பிறகு அவன் தொண்டை அசைந்து விழுங்கும் சத்தம் கேட்டது.

"போனது போகட்டும்மா," என்றாள் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தெரியாம நடந்துபோச்சு. இப்பத்தான் ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சே. இனிமே பழையபடி சந்தோஷமா இருங்க. உன் புருஷன் படுக்கையை உள்ளேயே போட்டுடறேன்."

"வேண்டாம் அத்தை. மூணு மாசத்துக்கு அவர் கூடத்துல படுக்கட்டும்."

"ஏன்?"

"அவருக்கு இன்னும் ரெண்டு தேதி குடுத்திருக்காங்க. அது முடியிற வரைக்கும் அவர்கிட்ட இருந்து எனக்கு எதுவும் வரக் கூடாது. எனக்கு வந்தா இவனுக்கு வரும். நான் பால் குடுக்கிறவ."

மாமியார் மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். கேட்க வேண்டியதைக் கேட்காமலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறிப்போனது. ஆனாலும் அலமாரிக்குப் போய் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஒரு கோடுதான்னு போட்டிருக்கே. இதுக்கு மேல என்ன வேணும்? நல்லாத் தெரியாம ஒரு ஆம்பளைமேல பழி போடலாமா?"

"நான் பழி போடலை அத்தை. நல்லாத் தெரியட்டும்னுதான் காத்திருக்கேன். அவர் தட்டுலயே அவர் சாப்பிடட்டும், அவர் டம்ளர்லயே குடிக்கட்டும், புள்ளையைத் தூக்கிக் கொஞ்சட்டும். அதுனால ஒண்ணும் வராது, கேட்டுட்டுத்தான் வந்தேன். இந்த அறைக்குள்ள படுக்கிறது மட்டும் வேண்டாம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. எப்போதும் பேசுகிற மாதிரிதான் பேசினாள். மாமியாருக்குத்தான் தூக்கிவாரிப்போட்டது.

"மெதுவாப் பேசும்மா. வெளிய கேட்டா இவன் மானம் என்ன ஆகும்?"

சொல்லிக்கொண்டே விறுவிறுவென்று போய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஒன்பது நாளாக அந்த ஜன்னல் திறந்தேதான் கிடந்தது.